நிறைஞ்சு போச்சு

கனகலிங்கத்தை இஞ்சினியர் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. கிளிநொச்சியில் அவருடைய கந்தோர் வாசலில் 'ஒழுங்குமுறைப் பொறியியலாளர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளக்கட்டு இஞ்சினியரை எனக்குத் தெரியும். மழை கொட்டுகிற நேரம் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கட்டின்மேல் நிற்பார். கட்டு உடைந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது அவரைத்தான். பாலம் போடுகிற இஞ்சினியர் கல் ஏற்றின லொறியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சனத்தை விடுவார். கனகலிங்கம் மட்டும் சனத்தை ஏற்றிவிட்டுத் தன் பாலம் நிற்கிறதா என்று பார்த்தார். அந்தச் சனத்தில் என் அக்காவும் ஒருத்தி.

நான் முரசுமோட்டையில் சனத்துக்கு விதைநெல் கொடுக்கிற எங்கள் ஐக்கிய சங்கத்தின் கிளாக்கர். விமலேஸ்வரி என்று பெயர். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். அக்கா பத்மாசனிக்கு வாய்க்கால் ஓரமாய் மூன்று ஏக்கர் பெர்மிட் காணி. அத்தான் போன வருடம் பாம்பு கடித்துப் போய்விட்டார். அந்தப் போகம் காணி விதைக்காமல் கிடந்தது. காணிக் கந்தோரில் அக்காவைக் கூப்பிட்டு நேரடியாகவே சொல்லிவிட்டார்கள்: இந்தக் காலபோகமும் விதைக்காவிட்டால் பெர்மிட் ரத்து, காணி வேறு ஆளுக்கு. அக்கா திரும்பி வந்தாள். தாலிக்கொடி விற்ற காசில் டிராக்டர் பிடித்து, புழுதி பறக்க உழுதுபோட்டு, விதைநெல் வரட்டும் என்று காத்திருந்தாள். மழைக்கு முன் புழுதியில் விதைத்துவிட்டால் பயிர் தானே எழும்பிவிடும். மழை முந்திக்கொண்டால் கதை முடிந்தது.

முன்பெல்லாம் விதைநெல் தீர்ந்தால் நான் ஒரு துண்டில் எழுதி லொறிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ மூடைகள் வந்து இறங்கும். அது பழைய முறையாம். அறுபத்தொன்பதாம் ஆண்டு சித்திரைக்குப் பிறகு புதிய முறை வந்தது. கொழும்பில் ஒரு பெரிய மெசின். ஓட்டை போட்ட அட்டைகளை அது தின்னும். தின்றுவிட்டு எந்தச் சங்கத்துக்கு எத்தனை மூடை என்று சீட்டு அடித்துத் துப்பும். அந்தச் சீட்டு இல்லாமல் வன்னியில் ஒரு மூடையும் அசையக்கூடாது. மெசின் எப்படி யோசிக்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர் கனகலிங்கம்.

இதைச் சொல்லத்தான் சங்கக்காரர் எல்லாரையும் கிளிநொச்சிக்குக் கூப்பிட்டிருந்தார். பிள்ளை நல்ல பிள்ளைதான். மானிப்பாய்ப் பெடியன், வெள்ளைச் சேட்டு, பணிவான பேச்சு. கரும்பலகையில் மூன்று சொல்லை எழுதினார்.

நிறைவு. அரை. வெறுமை.

"வெள்ளிக்கிழமையில களஞ்சியக்காரர் இந்தக் கந்தோருக்கு ரெலிபோன் எடுக்கவேணும். விதைநெல் அறை எப்பிடி எண்டு இஞ்சை இருக்கிற பிள்ளை கேக்கும். இந்த மூண்டில ஒரு சொல்லு. அவ்வளவுதான். வேறை கதை வேண்டாம். கதை கூடினால் பிழை கூடும்."

எங்கள் களஞ்சியக்காரர் ஏரம்பண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது சொல்லைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மட்டுமில்லை, அந்த மண்டபத்தில் பாதிப் பேர் நிலத்தைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன்.

"தம்பி, அந்தக் கடைசிச் சொல்லை நெல்லுக்கு ஒருத்தரும் சொல்லமாட்டினம். நெல் இல்லை எண்டு சொல்லுறேல்லை. முடிஞ்சுது எண்டும் சொல்லுறேல்லை. நிறைஞ்சு போச்சு எண்டுதான் சொல்லுறது. உமக்குத் தெரியாததே?"

"தெரியும் அக்கா," என்று சிரித்தார். "அது வீட்டுக் கதை. இது ஒழுங்குமுறை. ஆக்களுக்குப் பயிற்சி குடுப்பம்."

"சொல்லை மாத்தினால் என்ன? ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு வையுமன்."

"அட்டையெல்லாம் அடிச்சாச்சு அக்கா."

அட்டை அடித்தாயிற்றாம்! எங்களைக் கேட்கமுன் அட்டை அடித்துவிட்டு, பிறகு எங்களைக் கூப்பிட்டு வைத்து என்ன கேள்வி? தேத்தண்ணியும் கேக்கும் தந்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்ன பயிற்சி இதுவரைக்கும் வரவில்லை.

புரட்டாதி பிறந்தது. எங்கள் விதைநெல் அறையில் எலிகூட மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஏரம்பண்ணை ரெலிபோனை எடுத்தார். சங்க வாசலில் விதைக்காரர் கூட்டமாய் நிற்கிறார்கள். அக்காவும் சாக்கோடு நிற்கிறாள். மறுமுனையில் பிள்ளை கேட்டது எனக்கும் கேட்டது: "விதைநெல் அறை?"

ஏரம்பண்ணை வாயைத் திறந்தார், மூடினார். விதைப்புக் காலத்தில், விதைக்கிற சனத்துக்கு முன்னால், களஞ்சியத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எப்படி வரும்?

"நிறைஞ்சு போச்சுது பிள்ளை," என்றார். அதுவும் எவ்வளவு துக்கத்தோடு சொன்னார்! கேட்கிற எவருக்கும் அழுகை வந்திருக்கும். ஆனால் அட்டைக்குத் துக்கம் தெரியாதே. அந்தப் பிள்ளை 'நிறைவு' என்று ஓட்டை போட்டாள்.

நெல் வரவில்லை. அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே பதில். "அண்ணை, அந்த மற்றச் சொல்லைச் சொல்லித் துலையுங்கோவன்," என்று கெஞ்சினேன். அவர் கையை எடுத்துக் கும்பிட்டார். "விமலா, என்னைக் கொல்லு. அதைச் சொல்லச் சொல்லாதை." கடைசியில் ஒரு வழியாய் 'அரை' என்று சொல்ல ஒத்துக்கொண்டார். அரை என்றால் மெசினின் அகராதியில் பொறுத்திரு என்று அர்த்தமாம். பொறுத்திருந்தோம். பிறகு நானே ரெலிபோனை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வெறுமை, வெறுமை, வெறுமை என்று கத்தினேன். மறுமுனைப் பிள்ளை மிகவும் மரியாதையாய்க் கேட்டாள்: "நீங்கள் களஞ்சியக்காரரோ?" இல்லை, கிளாக்கர் என்றேன். "அப்ப உங்கட சொல்லை எடுக்கேலாது அக்கா. ஒழுங்குமுறையில இல்லை," என்று வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை லொறிச் சத்தம் கேட்டது. சனம் ஓடிவந்தது. அக்கா எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். பக்கீர் நானா இறங்கினார். முல்லைத்தீவுக்காரர். வன்னியில் அவர் லொறி போகாத ஒழுங்கை கிடையாது. பின்தட்டைப் பார்த்தேன். லொறி காலி.

"என்ன நானா, நெல் எங்கை?"

அவர் சீட்டை நீட்டினார். ஏரம்பண்ணை 'நிறைஞ்சு' என்று சொன்ன கிழமைக்கு அடித்த சீட்டு அது. "அதைத்தானே நானும் கேக்க வந்தன். உங்கட சங்கத்தில நெல் நிறைஞ்சு வழியுதாம். நாப்பது மூடை ஏத்திக்கொண்டு போகச் சொல்லி மெசின் சொல்லியிருக்கு."

ஏரம்பண்ணை மெதுவாய்ப் போய்க் களஞ்சியக் கதவைத் திறந்துவிட்டார். பக்கீர் நானா உள்ளே எட்டிப் பார்த்தார். கூட்டித் துடைத்த சீமெந்து நிலம் பளபளவென்று இருந்தது.

"என்ர றப்பே," என்றார். "இதில எதை ஏத்திறது? கதவையோ?"

"ஏத்திற நெல்லை எங்கை கொண்டுபோகச் சொல்லியிருக்கு?"

"கனகராயன்குளத்துக்கு. ஆனால் தங்கச்சி, அங்கை வைக்க இடமில்லை. கிழமைக்குக் கிழமை நான்தானே கொண்டுபோய் இறக்கிறன். களஞ்சியம் நிறைஞ்சு, விறாந்தை நிறைஞ்சு, இப்ப பள்ளிக்கூடத்து மண்டபத்திலயும் அடுக்கி வைச்சிருக்கினம். பிள்ளையள் மூடையில இருந்து படிக்குதுகள்."

"அவை ஏன் கேட்டுக்கொண்டிருக்கினம்?"

"அவை எங்கை கேட்டவை? ஆனை ஒண்டு ரெலிபோன் தூணைச் சாய்ச்சுப்போட்டுது. ஆவணியிலயிருந்து லைன் இல்லை."

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ரெலிபோன் வராவிட்டால் அங்கே நெல் இல்லை என்று மெசின் நினைத்துக்கொள்கிறது. வாய் திறந்து கேட்கிறவனுக்கு ஒன்றுமில்லை. வாய் திறக்காதவனுக்குப் பள்ளிக்கூடம் நிறைய நெல். இதைப் போய் ஒழுங்குமுறை என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள்! நான் குடையை எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினேன். "விடுங்கோ நானா, கிளிநொச்சிக்கு."

கனகலிங்கம் என்னை இருத்தி, முழுவதையும் கேட்டார். ஆத்திரப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அக்கா, மெசினில பிழை இல்லை. மெசினுக்குச் சொன்னதிலதான் பிழை. நிறைவு எண்டு சொன்னால் அது நிறைவு எண்டுதானே எடுக்கும்?"

"அப்ப கனகராயன்குளம்?"

"அது... பதில் வராட்டில் என்ன செய்யிறது எண்டு ஏதாவது ஒண்டு எழுதத்தானே வேணும். ஆனை வரும் எண்டு ஆர் கண்டது?"

"வன்னியில ஆனை வரும் எண்டு ஆர் கண்டதோ? தம்பி, பாலம் கட்டுறவர் ஆத்தை வந்து பாப்பார். நீர் எங்கட ஆத்தைப் பாத்தனீரோ? ஒரு களஞ்சியத்துக்குள்ளயாவது காலை வைச்சனீரோ?"

அவருக்கு முகம் சிவந்தது. "அக்கா, இது புதுத் துறை. வெளிநாட்டிலயே இப்பதான் இதையும் இஞ்சினியரிங்காய் ஆக்கவேணும் எண்டு கதைக்கினம். பாலம் கட்டத் தொடங்கி எத்தனை ஆயிரம் வருசம்? முதல் கட்டின பாலங்களெல்லாம் நிண்டதே?"

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை அவரிடம் ஒத்துக்கொள்ள நான் அங்கே போகவில்லை.

"விழுந்த பாலத்தைக் கட்டினவன் ஆத்திலதான் பிழை எண்டு சொல்லியிருக்கமாட்டான்," என்றேன். "எனக்கு உந்தக் கதை வேண்டாம். கனகராயன்குளத்தில கிடக்கிறதில இருவது மூடை. இண்டைக்கு. லொறி வாசலில நிக்குது. ஒரு துண்டில எழுதித் தாரும்."

"கையால எழுதினால் செல்லாது அக்கா. அதை நான்தான் நிப்பாட்டினனான். மனிசற்ற கை படப் படத்தான் பிழை வரும். ஆனால் நான் இதைத் திருத்திறன். இண்டைக்கே எழுதிக் கொழும்புக்கு அனுப்புறன்."

திருத்தினார். உண்மையாகவே இரவு பகலாய் இருந்து திருத்தினார். இனிமேல் வன்னியில் யாராவது 'நிறைஞ்சு' என்று தொடங்கினால் அதை வெறுமை என்று எடுக்கச்சொல்லி எழுதினார். அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்த கிழமை கனகராயன்குளத்துக்கு ரெலிபோன் லைன் சரிவந்தது. அங்கிருந்த களஞ்சியக்காரர் முதல் வேலையாய் அடித்துச் சொன்னார்: "ஐயோ, நிறைஞ்சு போச்சு! உண்மையா நிறைஞ்சு போச்சு! இனி அனுப்பாதேங்கோ!" அடுத்த கிழமை அவருக்கு இன்னும் ஒரு லொறி நெல் போனது. ஒரு பக்கம் சாக்குக் கட்டினால் மற்றப் பக்கத்தால் ஒழுகிற கூரை அது.

எங்களுக்கும் நெல் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். மழை வந்து அஞ்சாம் நாள் வந்தது.

அந்த மழையை நான் மறக்கமாட்டேன். பின்னேரம் வானம் கறுத்தபோது அக்கா உழுத வயலின் நடுவில் போய் நின்றாள். வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. புழுதியெல்லாம் அவள் காலைச் சுற்றிச் சேறாகும்வரை நின்றாள். விதைநெல் வந்து சேர்ந்தபோது வயலில் முழங்காலளவு தண்ணீர். பிறகு கோரை. திரும்ப உழ டிராக்டருக்கு அவளிடம் விற்க ஒன்றுமில்லை.

கார்த்திகையில் காணிக் கந்தோரிலிருந்து ஆள் வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போனது. நானும் அக்காவும் பின்னாலேயே காணிக் கந்தோருக்குப் போனோம். காணி அதிகாரி இரக்கமில்லாத மனிதர் இல்லை. "விதைநெல் கிடைக்காமல்தான் விதைக்கேல்லை எண்டால் அது உங்கட பிழை இல்லை," என்றார். "சங்கத்தின்ர களஞ்சியத்தில அந்த நேரம் நெல் இருக்கேல்லை எண்டு அந்தப் பொறியியலாளரிட்டை ஒரு கடிதம் கொண்டுவாங்கோ. பெர்மிட்டில நான் கைவைக்கமாட்டன். திங்கக்கிழமைக்குள்ள வேணும். அதுக்குப் பிறகு என்ர கையில இல்லை."

நான் கிளாக்கர், நான் எழுதித் தருகிறேன் என்றேன். சொந்தத் தங்கச்சி எழுதினால் செல்லாது என்றார். அதுவும் சரிதான்.

அவர் இதைச் சொன்னது வெள்ளிக்கிழமை பின்னேரம். ஒழுங்குமுறைக் கந்தோர் பூட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிய நானும் அக்காவும் கனகலிங்கத்தின் குவாட்டர்ஸ் தேடிப் போனோம். பக்கீர் நானாதான் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

கனகலிங்கம் இடுப்பில் சாரத்தோடு இருந்தார். எங்களைக் கதிரையில் இருத்தினார். உள்ளே குசினியில் அவருடைய மனைவி கமலாசனி தேத்தண்ணி வைக்கிற சத்தமும் பிள்ளைகள் சிணுங்குகிற சத்தமும் கேட்டது. நான் விசயத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, எனக்கு உங்கட நிலைமை விளங்குது. ஆனால் அந்தக் கிழமையளில முரசுமோட்டை நிறைவு எண்டுதான் மெசினில பதிவு. கொழும்பிலயும் அதுதான் இருக்கு. இல்லை எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"கதவைத் திறந்து காட்டினமே! பக்கீர் நானா பாத்தவர். ஊரே பாத்தது!"

"அது பதிவில இல்லையே அக்கா. நான் பதிவுக்கு மாறாய்க் கையால எழுதினால், பிறகு இந்த முறைக்கே அர்த்தமில்லை. இண்டைக்கு நீங்கள், நாளைக்கு வேறை ஆள். ஒரு சொல்லுக்கு ஒரு கருத்துத்தான் இருக்கவேணும். அதுதான் இதின்ர அத்திவாரம். நிறைவு எண்டால் நிறைவு."

அக்கா மடியில் வைத்த கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் தொண்டை வறளக் கத்தினேன். அவரும் விடவில்லை. பொறுமையாய், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல, சொல் வேறு பொருள் வேறு, மனிதர் பேசுவது வேறு பதிவு வேறு என்று விளக்கிக்கொண்டே போனார். என் நகத்தால் அந்தக் கதிரையின் பிரம்பைப் பிய்த்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரம் குசினியிலிருந்து கமலாசனி குரல் கொடுத்தாள்.

"இஞ்சருங்கோ, அரிசி நிறைஞ்சு போச்சு."

"ஓம், ஓம்," என்றார் கனகலிங்கம். பேசிக்கொண்டிருந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த, பன்புல்லால் இழைத்த பையை எடுத்தார். சைக்கிள் திறப்பை எடுத்தார். "குறை நினையாதேங்கோ அக்கா, கடை பூட்டமுதல் ஒருக்கால் போட்டு வாறன். இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

"தம்பி, நில்லும்," என்றேன். "எங்கை போறீர்?"

"அரிசி வாங்க."

"ஏன்? அதுதான் நிறைஞ்சு போச்சாமே."

அவர் வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால் என்று நின்றார். கையில் பை. முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. கமலாசனி என்ன விசயம் என்று தேத்தண்ணிக் கோப்பைகளோடு எட்டிப் பார்த்தாள்.

நான் இன்னும் நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான், அதுவும் அவரிடம்:

"போட்டு வாங்கோ தம்பி. பிள்ளையள் பசியோட இருக்குங்கள். நாங்கள் இருக்கிறம்."

அவர் போகவில்லை. பையைக் கதவில் கொழுவிவிட்டு உள்ளே வந்து மேசையில் இருந்தார். கடதாசி எடுத்தார், பேனை எடுத்தார். திகதி எழுதினார். முரசுமோட்டைச் சங்கம் என்று எழுதினார். விதைநெல் அறை என்று எழுதினார். அந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. நிமிர்ந்து குசினிப் பக்கம் பார்த்தார். அடுப்படியில் நிறைஞ்சுபோன அரிசிப் பானை கவிழ்க்காமல், வாய் திறந்தபடி நிமிர்ந்து இருந்தது.

அவர் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகுதான் அந்த மூன்றாவது சொல்லை எழுதினார். குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். கையெழுத்தும் வைத்தார்.